கண்மாய் ஏற்றத்தில் கழன்ற செயின்

சைக்கிளில் செயின் கழல்வதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். பின்சக்கரத்துக்குள் யாரோ பல்லைக் கடிப்பது போல 'கரக், கரக்' என்று மூன்று நான்கு தடவை கேட்கும். அதன்பிறகு மிதிக்கிற கால் சட்டென்று கனமிழந்து வெறும் காற்றில் இறங்கும். இன்னொரு படி இருக்கிறதென்று நம்பி இருட்டில் கால் வைத்து ஏமாறும்போது வயிற்றுக்குள் ஒன்று நழுவுமே, அதேதான். ஒன்பதாம் வகுப்பு சேர்ந்த முதல் சில மாதங்கள், பள்ளிக்கூடம் இருந்த நாளெல்லாம், காலை ஏழே முக்கால் மணிக்கு, ஒரே இடத்தில் எனக்கு அது நழுவியது.

எங்கள் ஊரிலிருந்து அரிமளம் உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். வந்துபோன ஒரே டவுன் பஸ் பள்ளிக்கூட நேரத்தை மதித்ததே கிடையாது. பதினொன்றாவது போனால்தான் அரசாங்க சைக்கிள் கிடைக்கும் என்பதால் நடுவில் இருந்த இரண்டு வருடங்களைத் தாண்ட வழியில்லாமல் எனக்கு முன்னால் எத்தனையோ பெண்கள் எட்டாவதோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் உட்காராததற்குக் காரணம் குவைத்திலிருந்து வந்த ஒரு சைக்கிள். அங்கே ஒரு வீட்டில் டிரைவராக இருந்த அப்பாவிடம், கல்லூரிக்குப் போய்விட்ட முதலாளி மகன் தன் பழைய கியர் சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். அப்பா அதை அப்படியே 'கார்கோ'வில் ஏற்றிவிட்டார்.

அட்டையும் தெர்மாகோலும் பிரித்து எடுத்தபோது ஊரே வந்து பார்த்தது. கேரியர் இல்லை, மணி இல்லை, ஸ்டாண்டு இல்லை. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஆறு. கைப்பிடியில் இருந்த விசையைத் தள்ளினால் செயின் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அப்படித் தாவ வைப்பதற்காகப் பின்சக்கரத்தின் வலப்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கை தொங்கிக்கொண்டிருந்தது, அதில் இரண்டு பொடிச் சக்கரங்கள். அதற்கு என்ன பேரென்று யாருக்கும் தெரியாததால் எங்கள் வீட்டில் 'தொங்கட்டான்' என்று பேர் வைத்தோம். காதில் போடுவது மாதிரியே அது ஆடவும் செய்தது.

பள்ளிக்கூடப் பாதையில் பாதித் தொலைவு தைல மரக் காடு. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஒரே உயரத்து மரங்கள், அடியில் புல்கூட முளைக்காது, பறவைச் சத்தமும் குறைவு. காடு முடிகிற இடத்தில் செம்மண் பாதை கண்மாய்க் கரையின் மேல் ஏறும். ஏற்றத்தின் நடுவில் வலப்பக்கம் ஒரு முனி கோயில், கோயில் என்றால் ஒரு சூலமும் நாலு மண் குதிரையும்தான். அந்த ஏற்றத்தில் ஏறுவதற்காக நான் கியரை மாற்றி, செயினைப் பின்னால் இருப்பதிலேயே பெரிய பல்சக்கரத்துக்குத் தள்ளுவேன். சரியாகக் குதிரைகளுக்கு நேரே வரும்போது 'கரக், கரக்'. செயின் பெரிய சக்கரத்தையும் தாண்டி, அதற்கும் சக்கரக் கம்பிகளுக்கும் நடுவிலிருக்கும் சந்தில் போய் மாட்டிக்கொள்ளும்.

இறங்கி, மண்ணில் முட்டி போட்டு, விரலை விட்டு அதை நிமிண்டி எடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் முதுகு கோயிலைப் பார்த்து இருக்கும், முகம் காட்டைப் பார்த்து இருக்கும். தைல மரத்தின் காய்ந்த பட்டை உரிந்து விழும் சத்தம் ஆள் நடந்து வருகிற சத்தம் போலவே இருக்கும் என்பது அந்த வழியில் தனியாக உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நான் முனிக்குப் பயந்தேன், மனிதருக்கும் பயந்தேன். எதற்கு அதிகம் பயந்தேன் என்று கேட்டால் இரண்டுக்கும் இல்லை, வீட்டுக்குத்தான். பெண்பிள்ளை காட்டு வழியில் சைக்கிள் ரிப்பேராகி உட்கார்ந்திருக்கிறாள் என்ற செய்தி அம்மா காதில் விழுந்தால் அத்தோடு என் படிப்பு முடிந்தது. ஆகவே கையிலிருக்கும் கிரீஸைச் செம்மண்ணைப் போட்டுத் தேய்த்து, தைல இலையைக் கசக்கித் துடைத்து, நகக்கண்ணைக் குச்சியால் நோண்டி, ஒன்றும் நடக்காதது போலப் பள்ளிக்கூடம் போவேன்.

"ஏண்டி, ஒம்மேல எப்பப் பாத்தாலும் தைல வாடை அடிக்குது?" என்று அம்மா கேட்பாள். "காத்துல வருதும்மா" என்பேன்.

என் வகுப்பில் விஜயா என்று ஒருத்தி இருந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "முனி புடிச்சு இழுக்குது. ஒங்கப்பா வெளிநாட்டுல இருந்து அனுப்புன சாமானுக்குப் பூசை போட்டீங்களா? போடலையில்ல?" என்றாள். போட்டிருந்தோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து ஏற்றத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கியரே போடாமல் ஏறிப் பார்த்தேன். பாதியில் மூச்சு நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், இறங்குவதற்குத்தானே பயம். அரிமளத்தில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரரிடம் மதிய இடைவேளையில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஆயிரம் சைக்கிள் பார்த்தவர், கியர் சைக்கிளை அன்றைக்குத்தான் பார்த்தார். செயின் முழுக்கப் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றினார். மறுநாளே செம்மண் புழுதி அதில் ஒட்டிப் பசை மாதிரி ஆனது. மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு கண்ணியாக நானே துடைத்தேன், அப்போதும் கழன்றது. இரண்டாவது தடவை போனபோது, "பாப்பா, இந்தத் தொங்குறதக் கழட்டிப் போட்டுட்டு, செயின வெட்டிச் சாதா சைக்கிளா ஆக்கிடுறேன். தொல்லை விட்டுச்சு" என்றார். அப்பா அனுப்பியதை வெட்டிவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது? வேண்டாம் என்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவார். அவருக்கு விடுமுறை அன்றைக்குத்தான். வீட்டுக்குள் டவர் கிடைக்காது என்ற சாக்கில் பட்டன் போனைக் கொல்லைக்கு எடுத்துப் போய், வேலியோரம் நின்று, சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது மாதிரி கேட்டேன். அப்பாவுக்குக் காரைப் பற்றித் தெரியும், இதைப் பற்றித் தெரியாது. அங்கேயே முதலாளி மகனைக் கூப்பிட்டுக் கேட்டு, அவன் அரபியில் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னார்.

"தாயி, சைக்கிளத் தலைகீழாக் கவுத்து வச்சுக்க. கையால பெடலச் சுத்திக்கிட்டே பின்னாடி இருந்து பாரு. தொங்கட்டான்ல ரெண்டு பொடி ஸ்குரூ இருக்காம், எச்சுன்னு எழுதுனது ஒண்ணு, எல்லுன்னு எழுதுனது ஒண்ணு. உள்பக்கம் கம்பியில போயி விழுந்தா எல்லக் கொஞ்சமா இறுக்கணும். வெளிப்பக்கம் விழுந்தா எச்சு. கால் சுத்துதானாம், அதுக்கு மேல போகக் கூடாதாம்." மூச்சு வாங்கிக்கொண்டு, "அது நேராத் தொங்குதான்னும் பாக்கச் சொல்றான்" என்றார். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள், அந்தக் கடைசி வார்த்தையை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மறு திங்கட்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, 'எல்' திருகைக் கால் சுற்று இறுக்கினேன். பெடலைச் சுற்றிவிட்டுக் கியரைத் தள்ளினால் செயின் பெரிய சக்கரத்தில் ஏறி அங்கேயே நின்றது, தாண்டவில்லை. வீடு திரும்பும்போது கரையின் மறுபக்க ஏற்றத்திலும் கழலவில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே காட்டைக் கடந்தேன். செவ்வாய்க்கிழமை காலை, குதிரைகளுக்கு நேரே, 'கரக், கரக்'.

திரும்ப இறுக்கினேன். சாயங்காலம் நன்றாக இருந்தது, காலையில் கழன்றது. ஒரு வாரம் இதே கதைதான். சாயங்காலத்துக்கும் காலைக்கும் நடுவில் யாரோ என் திருகைத் திருப்பி வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பயம் அதுவரை காட்டோடு நின்றிருந்தது. இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. விஜயாவின் நகப்பாலிஷை வாங்கி, திருகின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். திருகு திரும்பினால் கோடு உடையும். மறுநாள் காலை கோடு அப்படியே இருந்தது. செயின் கழன்றது. கை படாமல் கெடுக்கிறது என்றால் அது மனிதன் இல்லையே என்று அன்றைக்கு நான் நடுங்கிய நடுக்கத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே பால்காரர் ஒருவர் கேனோடு மொபெட்டில் வந்தவர், மண்ணில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "யாரு வீட்டுப் புள்ள?" என்றார். நான் கையில் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பாவம், அவர் நல்ல மனதோடுதான் ஊரில் வந்து சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குன்றாண்டார்கோவிலிலிருந்து அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, வந்து இறங்கிவிட்டார்.

"மச்சான் அங்கிட்டுக் கெடக்குறாரு. இங்கிட்டு ஒரு அசம்பாவிதம் நடந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் அம்மாவிடம். "காலாண்டுப் பரீட்சைய மட்டும் எழுதட்டும். அதோட போதும்." அம்மா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. நான் கோழிக்கூட்டுப் பக்கம் போய் நின்று அழுதேன்.

அதன்பிறகு வந்த வியாழக்கிழமை செயின் மட்டும் கழலவில்லை. தொங்கட்டானே கம்பிகளுக்குள் போய்விட்டது. சக்கரம் இறுகி நின்ற வேகத்தில் நான் கைப்பிடிக்கு மேலாக விழுந்தேன், முழங்கால் சதை பிய்ந்தது, கன்னத்தில் சரளைக்கல் ஏறியது. சைக்கிள் உருளவே மறுத்ததால், பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தில் மட்டும் உருட்டி, காட்டு வழியே வீட்டுக்கு நடந்தேன். ரத்தம் சாக்ஸ் வரைக்கும் வழிந்தது. பட்டை விழுந்த சத்தம் ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று, வாயில் வந்த சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அம்மா திட்டவில்லை. காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்தாள். கம்பிக்குள் சிக்கியிருந்ததை நான் மெல்ல இழுத்து வெளியே எடுத்தேன், சக்கரம் மறுபடி சுற்றியது. பகல் முழுக்கப் பாயில் படுத்திருந்தேன். விளக்கு ஏற்றுகிற நேரத்தில்தான், இத்தனை நாளும் வீட்டுப்பாடத்தில் தலையைக் கவிழ்த்திருந்ததால் கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன்.

அம்மா சைக்கிளை வீட்டுக்குள் தூக்கி வந்தாள். இருந்தது ஒரே அறை. ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை மண்சுவரில் சாய்த்தால் சறுக்கும். அதனால் அரிசி டிரம்முக்குப் பின்னால் அதைப் பிள்ளையைக் கிடத்துவது போலப் படுக்க வைத்து, பழைய சேலையால் போர்த்தி, அதன் மேல் எங்கள் தலையணைகளையும் பாய்ச் சுருளையும் அடுக்குவாள். வலப்பக்கம் கீழே. மொத்தப் பாரமும் தொங்கட்டானின் மேல். திருகு திரும்பவில்லை, அது தொங்குகிற இரும்புதான் தினம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளைந்துகொண்டு வந்திருக்கிறது. எந்திரித்துப் போய்ப் பின்னாலிருந்து பார்த்தேன். நேராகத் தொங்கவில்லை.

"அம்மா, இந்தப் பக்கமாப் படுக்க வைக்காதீங்க. அதுனாலதான் கழலுது. இடப்பக்கமா வைங்க" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சேலையை விலக்கி இடப்பக்கக் குழாயைக் காட்டினாள். அங்கே தடித்த கறுப்பு மையில், இங்கிலீஷில், அப்பாவின் பேரும் ஊர்ப்பேரும் எழுதியிருந்தது. சைக்கிள் வந்த அன்று நான்தான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எதுவரைக்கும் அப்பா பேர் என்று விரலை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். ரேஷன் கடையில்கூட அந்தப் பேரைத் தன் வாயால் சொல்லாமல் என்னைச் சொல்லச் சொல்கிறவள், காலையில் சைக்கிளைத் துடைக்கும்போது அந்த இடத்தை முந்தானையால் துடைப்பாள்.

"கடல் தாண்டிப் போயிக் கெடக்குற மனுசன். அவுக கைப்பட எழுதுன பேரத் தரையில வைக்கச் சொல்றியா?" என்றாள்.

"கீழ துணி விரிச்சு வைங்கம்மா."

"துணி விரிச்சாலும் தரை தரைதான்."

"அப்ப அழிச்சுரலாமா?"

பளீரென்று வாயில் ஒன்று போட்டாள். அம்மா என்னை அடித்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. "அந்த வார்த்தையச் சொல்லாத" என்றாள். நான் சாப்பிடாமலே தூங்கிப்போனேன்.

விடிந்து பார்த்தபோது அறை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. சைக்கிள் இடப்பக்கமாகப் படுத்திருந்தது. குழாயில் எழுத்து இல்லை, அழுந்தத் தேய்த்ததில் வெள்ளிப் பூச்சுகூட மங்கியிருந்தது. அம்மாவின் விரல் நுனியெல்லாம் கறுப்பு. "மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ" என்று மட்டும் சொன்னாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அரிமளம் வரைக்கும் போனேன். கடைக்காரர் தொங்கட்டானின் இரும்பைப் பின்னாலிருந்து கண்ணால் அளந்து, குறடு போட்டு மெல்ல வெளியே வளைத்து நேராக்கினார். திருகை நான் சரிசெய்தேன். அதன்பிறகு அந்த ஏற்றத்தில் செயின் கழலவே இல்லை.

ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அப்பாவின் போன் வரவில்லை. பேர் அழிந்த அன்றைக்கே வரவில்லை. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லை வேலியோரம் நின்றாள். சனிக்கிழமையும் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் புரியாத பாஷையில் ஒரு பெண் குரல் பேசிக் கட்டாகும். ஞாயிறு முழுக்க அம்மா பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் படித்தால் அப்பா செத்துப்போவார் என்று, யாரும் சொல்லாமலே, என் மனதுக்குள் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. ஏற்றத்தில் சத்தமில்லாமல் ஏறும் சைக்கிளை நினைக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு செயின் கழலாமல் இருப்பதற்கு இப்படிப் பயந்தவள் வேறு யாராவது இருப்பார்களா தெரியாது.

திங்கட்கிழமை காலை, நான் சீருடை போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முதலாளி குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு அப்பா பாலைவனத்துப் பண்ணைக்குப் போயிருந்தாராம், அங்கே டவர் இல்லையாம். அம்மா, "நல்லா இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மாமாவிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது, காலாண்டுக்குப் பிறகும் நான் பள்ளிக்கூடம் போனேன்.

இப்போது திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தைல மரக் காட்டில் பாதியை வெட்டிவிட்டார்கள், கரை மேல் தார்ச்சாலை ஏறுகிறது, ஊருக்குள்ளேயே பள்ளிக்கூட வேன் வருகிறது. சைக்கிள் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருடமாகிறது. எந்த நாட்டிலிருந்தாலும் இப்போது முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இருந்த அந்தப் பேச்சற்ற வாரம் என் மகளுக்குச் சொன்னால் விளங்காது. அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

அப்பா ஊரோடு வந்துவிட்டார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, எதையோ பேசிக்கொண்டிருந்தவர் அந்தச் சைக்கிளைப் பற்றி ஆரம்பித்தார். நானும் வாய் தவறி, "அதுல ஒங்க பேர எந்த மையிலப்பா எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அப்பா சிரித்தார். "நான் எங்க எழுதுனேன்? எனக்கு அம்புட்டு அழகா இங்கிலீசு வருமா? கார்கோ ஆபீசுல ஒரு மலையாளத்துக்காரரு இருந்தாரு. எல்லாப் பொட்டியிலயும் அவருதான் எழுதுவாரு."

எந்திரித்து அடுப்படிக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் எனக்காக அவள் எதை அழிப்பதாக நினைத்து அழித்தாள் என்பது ஞாபகம் வந்தது. அது யாரோ ஒருவர் வேலை நேரத்தில் எழுதியது என்று எப்படிச் சொல்வது?

"என்ன சொல்லிச் சிரிக்கிறாக?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. அந்தப் பழைய சைக்கிளப் பத்தி."

துருவுகிற கை நின்றது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சொல்லிட்டியாடி?" என்றாள்.

"சொல்லலம்மா" என்றேன்.